வர்ணம் பூசும் தொட்டிலுக்கு வைரம் எதற்கு?

கடல் கடந்து அந்தமானுக்கு வந்து சேரும் தமிழ்க் குடும்பத்தார், அரிசி பருப்புக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் வழி செய்துகொண்ட பிறகு, அடுத்தபடியாக விசாரிப்பது மரச்சாமானைப் பற்றியே ஆகும். காடு சூழ்ந்த தீவு அல்லவா! இங்கே மரத்துக்கு என்ன குறை என்று எண்ணுகிறோம். கட்டிலோ, அலமாரியோ, குழந்தைக்குத் தொட்டிலோ, எது செய்வதாயினும் ‘படாக்கில் செய்துவிடலாமே’ என்கிறோம். அல்லது, வர்ணம் பூசிய சாமான்தானே, உள்ளே எந்த மரமாயிருந்தால் என்ன என்று கண்டதை வாங்கிவிடுகிறோம். இவ்விரண்டு எண்ணங்களுமே பிழை என்பதை நாம் சற்று வருத்தத்தோடு கற்றுக்கொண்டோம். கற்றதை அன்பர்களுக்குச் சொல்லிவைத்தால் வேறொரு குழந்தையேனும் விழாமல் தப்பும் என்ற எண்ணத்தால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

நாம் தச்சரல்லர். ரயில்வேயில் எழுத்தர். இருப்புப்பாதையே இல்லாத தீவில் ரயில்வே எழுத்தருக்கு என்ன வேலை என்று ஊரில் உறவினர் நகைப்பதுண்டு. தாயகம் செல்வோர்க்குப் பயணச்சீட்டு முன்பதிவு செய்துகொடுப்பதே எமது வேலை. 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில் எம் குடும்பம் வசிக்கிறது. மரத்தைப் பற்றி நாம் அறிந்தவை யாவும் ஒரு முதிய ஆசாரியாரிடம் கேட்டும், கூட இருந்து பார்த்தும் அறிந்தவையே.

முதல் தொட்டிலின் கதை

எம் மூத்த மகள் பிறந்தபோது, அழிக்கம்பி வைத்த தொட்டிற்கட்டில் ஒன்றைக் கடையில் விலைக்கு வாங்கினோம். நீல வர்ணம் பூசி, தலைமாட்டில் முயல் ஒன்று தீட்டியிருந்தார்கள். பார்த்த மாத்திரத்தில் மனம் பறிகொடுத்தோம். என்ன மரம் என்று நாம் கேட்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை.

ஆறேழு மாதங்களில் கட்டிலின் காலடியில் நாள்தோறும் மாவு போன்ற மெல்லிய தூள் கிடக்கக் கண்டோம். எம் துணைவியார் அதைக் கூட்டி எறிந்துவந்தார். முகப்பவுடர் சிந்தியதென்று நினைத்தோம். வர்ணத்தின்மேல் குண்டூசித் தலையளவில் துளைகள் தோன்றின. எஞ்சிய டப்பா வர்ணத்தைக் கொண்டு அவற்றையும் நாமே அடைத்தோம். குழந்தைக்குப் பதினான்கு மாதம் நிறைந்திருந்த ஒரு மாலை, அவள் மேற்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்று குதித்தாள். சட்டம் மூலையில் முறிந்து கையோடு வந்தது. குழந்தை தரையில் விழுந்து நெற்றியில் மூன்று தையல் போடவேண்டியதாயிற்று. முறிந்த இடத்தைப் பார்த்தோம். வெளியே பளபளக்கும் நீலம். உள்ளே மரமே இல்லை. அடைத்துவைத்த மாவு போல் உதிர்ந்தது.

இன்றும் அவள் தலைவாரும்போது அந்தச் சிறு வடு தெரியும். கடைக்காரரை நோவதிற் பயனில்லை. வர்ணத்தைப் பார்த்து வாங்கியவர்கள் நாமே.

ஆசாரியாரிடம் சென்றது

இரண்டாவது குழந்தையை எதிர்பார்த்திருந்த வேளையில், எம் அன்னையார் ஊரிலிருந்து வந்திருந்தார். எமக்கும் எம் தமையனாருக்கும் எங்கள் பாட்டனார் செய்வித்த மரத்தொட்டில் பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாக வர்ணம் பூசியது. பேரக்குழந்தைக்கும் அப்படியொன்று வேண்டும் என்பது அவருடைய ஆசை. எம் துணைவியாரோ, ‘இனி வர்ணம் பூசிய எதுவும் இந்த வீட்டுக்குள் வேண்டாம்’ என்று சொல்லிவிட்டார். இருவருக்கும் நடுவே நின்ற நாம், ஆகச் சிறந்த மரத்தில் செய்துவிட்டால் இருவரும் சமாதானம் அடைவார்கள் என்று கருதி, படாக்கு மரத்தில் தொட்டில் செய்து அதன்மேல் வர்ணம் பூசச் சொல்லும் நோக்கத்தோடு ஆசாரியாரைத் தேடிச் சென்றோம்.

அவரைப் பற்றி இரண்டு வார்த்தை. இலங்கை மலையகத் தோட்டத்தில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்திற்குப் பின் தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களிற் சில நிக்கோபாரைச் சேர்ந்த கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன அல்லவா? அவ்வாறு பெற்றோருடன் சிறுவனாக வந்தவர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கச்சாலை அழித்த பின்னர் இப்பக்கம் வந்து பட்டறை போட்டார்.

எம் விருப்பத்தைக் கேட்டு அவர் உளியைக் கீழே வைத்தார்.

“வர்ணத்துக்கு அடியில் படாக்கா, தம்பி? பட்டுச்சேலை உடுத்தி அதன்மேல் சாக்கைச் சுற்றிக்கொள்வார்களா?”

“மரம் உறுதியாக இருக்கவேண்டும் ஆசாரியாரே. ஒரு முறை பட்டுவிட்டோம்” என்றோம்.

“உறுதி வேண்டும், சரி. உறுதிக்கு வேறு மரம் இருக்கிறது. படாக்கை மூடவும் கூடாது. மூடினாலும் அது சும்மா இருக்காது.”

இந்தப் பதிலின் பொருளை விளங்கிக்கொள்ளப் படாக்கைப் பற்றிச் சிறிது அறிந்திருத்தல் நலம்.

படாக்கின் பெருமை

அந்தமான் படாக்கு இத்தீவுகளின் மாநில மரம். நம் நாட்டு வேங்கையும், மரப்பாச்சிப் பொம்மை செய்யும் செம்மரமும் இதன் குலத்தைச் சேர்ந்தவையே. செந்நிற வைரமும், அலையலையான ரேகையும், ஈரத்தால் அதிகம் வீங்காத சுருங்காத இயல்பும் உடையது. வெள்ளையர் 1883ஆம் ஆண்டில் சாத்தம் தீவில் அறுவை ஆலையை நிறுவிய பின், இந்த மரம் கடல் கடந்து பல தேசங்களுக்குச் சென்றது. அமெரிக்காவில் புகழ் பெற்ற புல்மன் ரயில் வண்டிகளின் உட்புற வேலைப்பாட்டுக்கும் ஒரு காலத்தில் அந்தமான் படாக்கு பயன்பட்டது. ரயில்வே ஊழியரான எமக்கு இது பெருமை தந்த செய்தி.

ஆனால் அக்காலம் மலையேறிவிட்டது. தீவுகளின் காடு குறைந்து வருவதைக் கண்டு, உச்ச நீதிமன்றம் 2001 அக்டோபரில் இங்கே இயற்கையாய் வளர்ந்த மரங்களை வெட்டுவதற்குத் தடை விதித்தது. பின்னர் ஷேகர் சிங் ஆணையத்தின் அறிக்கையைப் பெற்று, 2002 மே 7ஆம் நாள் விரிவான கட்டளை பிறப்பித்தது. பழங்குடியினரின் ஒதுக்குக் காடுகள் காக்கப்பட்டன. தீவு மக்களின் சொந்தத் தேவைக்கு மட்டும் கட்டுப்பாட்டுடன் மரம் எடுக்க இடம் வைக்கப்பட்டது. ஆகவே இன்று நம் கைக்கு வரும் ஒவ்வொரு பலகையும் கணக்குப் பார்த்துக் கிடைப்பது. அவற்றிலும் படாக்கு ஒருவர் ஆயுளில் வளர்ந்து முதிரும் மரமன்று. அதன் நிறத்தையும் ரேகையையும் காண்பதற்காகவே அதை நாடுகிறோம். அவற்றை மறைத்துவிட்டால் அந்த மரத்தைக் கேட்டதற்குக் காரணமே இல்லாமற் போகிறது.

‘மூடினாலும் சும்மா இராது’ என்று ஆசாரியார் கூறியதற்கும் பொருள் உண்டு. படாக்கு, செம்மரம் முதலியவற்றின் வைரத்தில் இயற்கையான சாயப்பொருள் உறைந்திருக்கிறது. சாராய மெருகும், சில வகை வர்ணங்களில் உள்ள கரைப்பான்களும் அச்சாயத்தை இளக்கி வெளியே இழுக்கும். ஆசாரியார் பட்டறையில் படாக்குத் துண்டுகளால் செய்து எவரோ வெள்ளை பூசித் திருப்பிக் கொண்டுவந்த சிறு மாடம் ஒன்று கிடந்தது. மூன்று பூச்சுக்குப் பிறகும் வெற்றிலை எச்சில் பட்டது போல் இளஞ்சிவப்புத் திட்டுகள் அதில் தெரிந்தன.

வர்ணம் மரத்திடம் கேட்பது என்ன?

அப்படியானால் வர்ணத்துக்கு ஏற்ற மரம் எது? ஆசாரியார் கூறியவற்றை நான்கு குணங்களாக வகுத்துக் கூறுவோம்.

முதலாவது, மேனி நுண்மையாயும் சீராயும் இருத்தல் வேண்டும். பெரிய துளைகள் உள்ள மரத்தில் வர்ணம் அமுங்கிக் குழி குழியாகத் தெரியும். கர்நாடகத்துச் சென்னபட்டணத்துப் பொம்மைக்காரர்கள் வெட்பாலையை நாடியதும், அதன் வெண்மையும் நுண்மையும் கருதியே. அரக்கு வர்ணம் அதன்மேல் கண்ணாடி போல் நிற்கிறது.

இரண்டாவது, எண்ணெயும் பிசினும் சாயமும் கசியாதிருத்தல் வேண்டும். தேக்கு உயர்ந்த மரமே. ஆயினும் அதன் எண்ணெய்ப் பசையினால் வர்ணம் உலரத் தாமதமாகும். இத்தீவுகளில் மிகுதியாக வளரும் குர்ஜன் மரம் ஒட்டுப்பலகைக்குப் பேர் போனது. ரயில் பாதைக்குக் கட்டையாகவும் மருந்தூட்டிப் பயன்படுத்தினார்கள். ஆனால் முழுப்பலகையாக எடுத்து வர்ணம் பூசினால், வெயில் படும் இடத்தில் அதன் பிசின் கொப்புளித்து வர்ணத்தைக் கிழித்துக்கொண்டு வரும்.

மூன்றாவது, மரம் உலர்ந்திருத்தல் வேண்டும். உலர்ந்தபின் அதிகம் அசையாதிருத்தல் வேண்டும். மரம் நீளவாட்டில் ஏறக்குறைய மாறுவதில்லை. அகலவாட்டில்தான் ஈரம் ஏறினால் வீங்கி, இறங்கினால் சுருங்கும். மரம் அசைய, வர்ணம் அசையாமல் நிற்க, பொருத்துகளில் கீறல் விழும். அக்கீறல் வழியே நீர் நுழையும். தஞ்சை ஓவியம் எழுதுவோர் பழங்காலத்தில் பலாப்பலகையின்மேல் துணியை ஒட்டி, அதன்மேல் சுண்ணப்பொடியும் பசையும் பூசி, பிறகே வர்ணம் தீட்டியதும், மரத்தின் அசைவு ஓவியத்தைத் தாக்காதிருக்கவே என்று ஆசாரியார் விளக்கினார்.

நான்காவதும் முக்கியமானதும், பூச்சி அரியாதிருத்தல். எம் முதல் தொட்டிலைத் தின்றது கரையான் அன்று. மரத்தை மாவாக்கும் ஒருவகைச் சிறு வண்டு. மரத்தின் வெளிப்புற வெளிறில் மாச்சத்து உண்டு. வண்டு அதன் நுண்துளைகளில் முட்டையிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகி, துளையிட்டு வெளியே வரும். நாம் காணும் துளை அது நுழைந்த வழியன்று; வெளியேறிய வழி. ஆகவே நாம் துளையை வர்ணத்தால் அடைத்தது, களவு போன பின் கதவைச் சாத்தியது போலாயிற்று. முட்டை புகுந்த மரத்தின்மேல் எத்தனை பூச்சுப் பூசினாலும் அது உள்ளிருக்கும் புழுவுக்குக் கூரை வேய்ந்ததாகுமே அன்றித் தடையாகாது.

“வர்ணம் பூசாத சாமானில் மரம் தன் குறையைத் தானே காட்டிக்கொடுத்துவிடும், தம்பி. பூசின சாமானில் செய்தவன் நாணயம்தான் காவல்” என்றார் ஆசாரியார். நாம் வீட்டுக்கு வந்ததும் முதலில் குறித்துவைத்த வாக்கியம் இதுவே.

தீவில் கிடைக்கும் மரங்களுள் எது?

பப்பீத்தா, தூப் முதலியன இத்தீவுகளின் வெளிறிய மென்மரங்கள். பெட்டிக்கும் ஒட்டுப்பலகைக்கும் பயன்பட்டவை. இலேசானவை, வர்ணம் நன்றாகப் பிடிக்கும். ஆனால் பளுத் தாங்கும் சட்டத்துக்கும் காலுக்கும் ஆகா. பூச்சியும் இவற்றை விரும்பும். ஆந்திரத்துக் கொண்டபள்ளிப் பொம்மைகளும் மிக இலேசான பொனிக்கி மரத்தில் செய்யப்படுபவையே. கொலுவில் வைக்கும் பொம்மைக்கு அது பொருந்தும். குழந்தை ஏறி நிற்கும் தொட்டிலுக்குப் பொருந்துமா?

கோக்கோ என்று இங்கே வழங்குவது நம் ஊர் வாகையே. பழுப்பு வைரம் அழகானது. அதையும் மெருகிட்டுப் பார்க்கவேண்டுமே அன்றி மூடலாகாது. அறுக்கும்போது எழும் தூள் தும்மலை உண்டாக்கும்.

ரப்பர் மரத்தைப் பற்றி ஆசாரியார் அன்போடு பேசினார். இருபத்தைந்து முப்பது ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை வெட்டி எடுப்பதால் காட்டுக்குப் புதிதாக நட்டமில்லை. வெளிறிய நிறம், சீரான மேனி, வர்ணத்துக்கு ஏற்றது. ஆனால் அதில் மாச்சத்து மிகுதி. வெட்டிய சில நாட்களுக்குள் மருந்தூட்டாவிட்டால் நீலம் பாரித்து வண்டுக்கு இரையாகும். மருந்தூட்டிய ரப்பர்ப் பலகை தாயகத்திலிருந்து வருவது கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம் என்றார்.

இறுதியில் அவர் எமக்குத் தேர்ந்தது வெள்ளைச் சுக்லம். மருத மரத்தின் குலத்தைச் சேர்ந்தது. பாதாம் என்று இங்கே வழங்கும் மற்றொரு மரமும் அக்குலத்ததே, அதுவும் ஆகும். சுக்லம் நடுத்தரக் கனம், நேரான ரேகை, வெளிறிய சாம்பல் நிறம். திருகாணியும் முளையும் நன்றாகப் பிடிக்கும். குறை ஒன்றுண்டு: அதில் வைரம் எது, வெளிறு எது என்று கண்ணால் எளிதில் பிரித்தறிய இயலாது. ஆகவே எல்லாத் துண்டுகளுக்கும் மருந்தூட்டியே ஆகவேண்டும். பச்சையாக இருக்கும்போதே போராக்சும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் முக்கி, பலகைகளை நெருக்கி அடுக்கிப் படுதாவால் மூடிச் சில வாரம் வைத்தால், மருந்து ஈரத்தின் வழியே உள்ளே ஊறும். பிறகு அவற்றைப் பிரித்து, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி நிழலில் உலர்த்தவேண்டும். இம்மருந்து நீர் பட்டால் மீண்டும் கரைந்து வெளியேறக் கூடியது. அதைக் காப்பதும் வர்ணத்தின் தொழில்.

தொட்டிலின் அடித்தட்டுக்கு மட்டும் ஒட்டுப்பலகை போடச் சொன்னார். தூளை அழுத்திச் செய்த பலகை இத்தீவின் ஈரத்தில் ஊறி உப்பும் என்பதால், நீர் தாங்கும் பசையிட்ட ஒட்டுப்பலகையையே, ஐ.எஸ். 710 என்ற முத்திரையைப் பார்த்து வாங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

ரசீதோடு பலகை வாங்கியது ஜனவரி மாதம். குழந்தையை எதிர்பார்த்தது மே மாதம். மரம் உலர்ந்ததா என்று எப்படி அறிவது? இதற்கு ஆசாரியார் சொன்ன வழி எம் போன்ற எழுத்தருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அதே மரத்தில் ஓரடித் துண்டு ஒன்றை வெட்டி, இரு முனைகளிலும் வர்ணம் தடவி அடைத்து, பலகைகளோடு வைக்கவேண்டும். வாரம் ஒருமுறை நிறுத்து எடையைக் குறிக்கவேண்டும். எடை குறைவது நின்றால், மரம் காற்றோடு ஒத்துப்போய்விட்டது என்று பொருள்.

முன்னர்ப் பார்சல் ஆபீசில் வேலை பார்த்த எமக்கு நிறுப்பது புதிதன்று. சமையலறைத் தராசில் ஞாயிறுதோறும் நிறுத்தோம். முதல் ஞாயிறு 1,310 கிராம். மார்ச் நடுவில் 1,140. ஏப்ரல் முடிவில் 1,085. மே மூன்றாம் ஞாயிறன்று 1,064. இன்னும் இறங்கிக்கொண்டேயிருந்தது.

“குழந்தை காத்திருக்குமாடா?” என்றார் அன்னையார்.

இதை ஆசாரியாரிடம் சொன்னோம். “அம்மாவிடம் சொல்லுங்கள் தம்பி, குழந்தை அவர்களுடைய பழைய சேலைத் தூளியில் கிடக்கட்டும். அதைவிட நல்ல தொட்டில் நான் செய்யப்போவதில்லை. ஈரப்பலகையில் செய்து கொடு என்று மட்டும் கேட்கவேண்டாம்” என்றார்.

அந்த வாரமே மகன் பிறந்தான். தூளியிற் கிடந்தான். ஜூன் மாதத்தில் இரண்டு ஞாயிறு தொடர்ந்து 1,052 நின்றது. மழைக்காலம் தொடங்கிவிட்டபடியால் இனி இறங்காது என்று ஆசாரியார் வேலையைத் தொடங்கினார்.

ஊர் மாறிச் செல்லும் குடும்பத்தார்க்கு இவ்விடத்தில் ஒன்று கூறுவோம். காற்றில் ஈரம் நூற்றுக்கு எண்பதாக இருக்கும் இத்தகைய கடற்கரையில், நன்கு உலர்ந்த மரத்திலும் ஏறக்குறைய பதினாறு பங்கு ஈரம் நிற்கும். காற்றில் ஈரம் அறுபதாக உள்ள உள்நாட்டு ஊரில் பதினொரு பங்கே நிற்கும். ஆகவே இங்கே செய்த ஓரடி அகலப் பலகை, மதுரைக்கோ சேலத்துக்கோ சென்றால் மூன்று நான்கு மில்லிமீட்டர் சுருங்கக்கூடும். பொருத்து பிளந்ததென்று ஆசாரியைக் குறை சொல்வார்கள். அகலப் பலகையை ஆணியால் இறுக்காமல், காடியில் செருகி அசைய இடம்விட்டுச் செய்யச் சொல்வது இதற்குப் பரிகாரம். மரச்சாமானைக் கப்பலேற்றும் முன் வனத்துறையில் விசாரித்து உரிய அனுமதி பெறுவதும் மறவாதிருக்கவேண்டியது.

வர்ணத்தைப் பற்றியும் ஒரு சொல்

குழந்தை பல் முளைக்கும் காலத்தில் தொட்டிலின் மேற்சட்டத்தைக் கடிக்கும். இது எல்லாத் தாய்மாரும் அறிந்ததே. பழைய வர்ணங்களில் ஈயம் சேர்ந்திருந்தது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்கில்லை. நம் நாட்டில் வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற விதி 2016இல் இயற்றப்பட்டு, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. டப்பாவின்மேல் அந்த அறிவிப்பைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். பரணில் கிடக்கும் பழைய டப்பாவைத் தொட்டிலுக்குப் பயன்படுத்த வேண்டாம். பாட்டன் காலத்துத் தொட்டிலை எடுத்துப் புதுப்பிக்க எண்ணுவோர், பழைய வர்ணத்தை வீட்டுக்குள் உப்புத்தாளால் உலரத் தேய்க்கலாகாது; அந்தத் தூள்தான் நஞ்சு. குழந்தைகளும் கருவுற்ற தாய்மாரும் அருகில் இல்லாதபோது வெளியிடத்தில் நனைத்துச் சுரண்டி, சுரண்டியதை எரிக்காமல் கட்டி அகற்றவேண்டும்.

எம் தொட்டிலுக்கு ஆசாரியார் பொருத்துவதற்கு முன்பே ஒவ்வொரு துண்டின் எல்லாப் பக்கங்களிலும் அடிப்பூச்சுக் கொடுத்தார். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தை நம்மவர் பெரும்பாலும் பூசாது விட்டுவிடுகிறோம். ஒருபக்கம் மூடி ஒருபக்கம் திறந்த பலகை ஈரத்தை ஒருதலையாய்க் குடித்து வளைந்துபோகும். முனைகள் வைக்கோல் கற்றை போல் நீரை உறிஞ்சுவதால் அங்கே மூன்று முறை தடவினார். அழிக்கம்பிகளுக்கு இடையே ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விடவில்லை. அதற்கு மேற்பட்டால் குழந்தையின் உடல் நுழைந்து தலை சிக்கும் அபாயமுண்டு. கடைசிப் பூச்சுக்குப் பின் நான்கு வாரம் காற்றோட்டமாக வைத்திருந்து, வாடை முற்றும் நீங்கிய பிறகே கொடுத்தார்.

பச்சைக் கால், மஞ்சள் அழி, சிவப்பு மேற்சட்டம். ஆகஸ்ட் மாதத்தில் தொட்டில் வீட்டுக்கு வந்தது. அன்னையார் அதைச் சுற்றிவந்து, பாட்டனார் தொட்டிலில் மஞ்சள் இன்னும் சற்று அழுத்தமாக இருந்தது என்று ஒரு குறை கூறினார். எம் துணைவியார் வர்ணத்தைப் பார்க்கவே இல்லை. மேற்சட்டத்தை இரு கைகளாலும் பற்றி, தம் முழுப் பலத்தோடும் அசைத்துப் பார்த்தார். பிறகு கீழே குனிந்து கால்களின் அடியில் விரலைத் தடவித் தூள் ஏதும் ஒட்டுகிறதா என்று நோக்கினார். அதன் பின்னரே மகனைக் கொண்டுவந்து கிடத்தினார். இன்றுவரை ஒவ்வொரு ஞாயிறும் அவர் அப்படித் தடவிப் பார்க்கிறார். நாமும் தடுப்பதில்லை.

அன்பர்களுக்கு நாம் கூற விரும்புவது இவ்வளவே. வர்ணம் பூசிய சாமான் வாங்குமுன் மரம் என்ன, மருந்தூட்டியதா, எத்தனை மாதம் உலர்ந்தது என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விடை கூறாத இடத்தில் வாங்காதீர்கள். செய்விக்கும்போது, வர்ணமே பூசப்போவதில்லை என்று எண்ணிக்கொண்டு மரத்தைப் பாருங்கள். படாக்கு கிடைக்கும் பேறு பெற்றவர்கள் அதை வெறும் மெருகிட்டு, உங்கள் பேரப்பிள்ளைகளும் அதன் நிறத்தைக் காணும்படி வையுங்கள். தொட்டில் உலரவில்லை என்றால், தூளி கட்ட ஒரு பழைய சேலை எந்த வீட்டில் இல்லை?